வீட்டில் சொல்லியாச்சா?

வேலை போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ரெஸ்யூமைக் கேட்பதில்லை. "வீட்டில் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பேன்.

பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் கம்பெனி சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் உட்காருவார். இன்னொருவருக்குக் கொளவாய் ஏரிக்கரை. பகல் ஷிஃப்ட் வாரத்தை ஓட்டிவிடலாம். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் ராத்திரி எங்கே போவது என்பதே பெரிய கவலையாகிவிடும். மாதம் பிறந்தால் "சம்பளம்" என்று வீட்டில் கொடுக்க நண்பனிடம் கைமாற்று. இந்த நாடகத்தை நடத்தவே ஆளின் தெம்பெல்லாம் போய்விடும். வேலை தேட என்ன மிஞ்சும்?

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பல வருடம் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். ஆள் எடுக்கும் வேலையும் என்னுடையது, ஆள் குறைக்கும்போது கையெழுத்து வாங்கும் வேலையும் என்னுடையது. 2020-இல் கொரோனா வந்து லைன்கள் நின்றபோது, வெளியே போனவர்கள் எனக்கே போன் செய்து "இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை "மேடம்" என்றவர்கள் வேலை போனதும் "அக்கா" என்றார்கள். அந்த அழைப்பை மறுக்க முடியவில்லை. அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் இந்த வழிகாட்டல் தொடங்கியது. வருகிறவர்கள் ஐ.டி.ஐ. ஃபிட்டர், டிப்ளமோ மெக்கானிக்கல், சி.என்.சி. ஆப்பரேட்டர், அசெம்பிளி லைன் பெண்கள், எப்போதாவது ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ். வந்தவாசி, செய்யாறு, அரக்கோணம், திண்டிவனம் என்று கம்பெனி பஸ் போகும் ஊர்களின் பிள்ளைகள்.

வீட்டில் சொல்வதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ராத்திரி சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள். கல்யாணமானவர் என்றால் முதலில் மனைவியிடம், மாமனார் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே. ஆகாதவர் என்றால் அம்மாவிடமோ அக்காவிடமோ. அப்பாவிடம் அவர்கள் மூலமாகப் போகட்டும், சில வீடுகளில் அதுதான் நல்லது. சொல்லும்போது கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். வெறும் வாயால் சொன்னால் அழுகை. காகிதத்தோடு சொன்னால் பேச்சு. அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன்.

அதற்கு முன் இன்னொன்று. "கம்பெனிக்கு ஆர்டர் இல்லை, ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்தை மாடியிலேயே சத்தம் போட்டுச் சொல்ல வைப்பேன். முதல் தடவை குரல் உடையும். போகப் போக, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல வந்துவிடும். வீட்டில், டீக்கடையில், கல்யாண வீட்டில் "என்ன தம்பி, லீவா?" என்று கேட்கிற சித்தப்பாவிடம், கடைசியில் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவரிடம், எல்லாருக்கும் அதே வாக்கியம்தான். ஹெச்.ஆர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: வேலை போனதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொல்லும்போது மென்று விழுங்குகிறாரே, அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இப்போது காகிதம். அதில் ஏன் கணக்கை எழுத வைக்கிறேன் என்பதற்கு முதலில் ஒரு பழைய ஆராய்ச்சி.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், மரியெந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. 1929-30-இல் ஆலை மூடியது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அந்த ஊருக்குப் போய், வேலையில்லாமல் போனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று கூர்ந்து கவனித்தது. குடும்பங்களை மனம் உடையாதவர்கள், இருப்பதை ஏற்றுக்கொண்டு ஒடுங்கியவர்கள், விரக்தியடைந்தவர்கள், எதிலும் அக்கறையற்றுப் போனவர்கள் என்று பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவின் வருமானத்தையும் பார்த்தார்கள். மனம் உடையாத குடும்பங்களில் ஆளுக்கு மாதம் சராசரியாக 34 ஷில்லிங். ஒடுங்கியவர்களிடம் 30. விரக்தியில் இருந்தவர்களிடம் 25. அக்கறையற்றுப் போனவர்களிடம் 19.

இந்த எண்களைப் படித்த அன்று, தன்னம்பிக்கைப் பேச்சு கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போனது. மனம் தளர்ந்தவனுக்கும் தளராதவனுக்கும் நடுவே நாம் நினைக்கிற குணம், வளர்ப்பு, தைரியம் எல்லாம் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் சில ஷில்லிங்குகளும் இருக்கின்றன. நம் ஊரில் அந்த ஷில்லிங்கின் பெயர் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), கிராஜுவிட்டி (பணிக்கொடை), நகைக்கடன் வட்டி.

ஆகவே முதல் சந்திப்பு முழுக்கக் கணக்குதான். கையில் எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, எப்போது வரும், மாதம் எவ்வளவு இல்லாமல் வீடு நடக்காது. வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், வண்டித் தவணை, சீட்டு. சீட்டை எழுத மறப்பார்கள். கேட்டு எழுத வேண்டும். இதைப் போட்டு முடித்ததும் "தை வரைக்கும் தாங்கும்" என்று ஒரு பதில் வரும். சிலருக்குத் "தீபாவளி வரைக்கும்தான்" என்று வரும். எதுவாக இருந்தாலும், அதுவரை தொண்டையில் கல்லாக நின்றிருந்த ஒன்று ஒரு தேதியாக மாறிவிடுகிறது. தேதி தெரிந்துவிட்டால் திட்டம் போட முடியும்.

வரவேண்டியது என்ற பத்தியில்தான் வழிகாட்டிக்கு வேலை அதிகம். ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கில் வரும் தொகையை (பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். நாலு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கும் அந்த உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலரை வருடத்தில் வெளியே அனுப்பப்பட்ட பையன்களுக்கு இது தெரிந்திருக்காது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு வேலையிழப்பு நிவாரணம் என்று ஒரு திட்டம் 2018-இல் வந்தது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று வாயில் நுழையாத பெயர். முதலில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு என்று இருந்ததைக் கொரோனாக் காலத்தில் பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. முதலாளி வழியாகத்தான் போக வேண்டும் என்று இருந்ததையும் தளர்த்தி, தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், விருப்ப ஓய்வில் போனவருக்குக் கிடையாது. அந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இ.எஸ்.ஐ. என்று நினைத்திருந்தார்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரம் கூடாது. எடுக்க முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டால் பென்ஷனுக்கான சர்வீஸும் போய்விடும். பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷன் என்பதால், மறுபடி வேலைக்குப் போகப்போகிறவர் பென்ஷன் பகுதியைத் தொடாமல் விடுவது நல்லது. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் வேறு மாதிரி இருந்தால், கம்பெனியில் இன்னும் ஆள் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். மூடின கம்பெனியின் வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார்; கம்பெனி ஒப்புதல் தேவைப்படும் திருத்தமென்றால் அவரால் அதைக் கொடுக்க முடியாது.

சிலருக்கு இந்தப் பத்தி காலியாகவே இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாக ஏஜென்சி மாறி மாறி வந்தவர்கள், "ட்ரெயினி" என்ற பெயரில் மூன்று வருடம் லைனில் நின்றவர்கள். அவர்களுக்குப் பி.எஃப். இருக்காது, சர்வீஸ் சர்டிபிகேட் இருக்காது. ஒரே மெஷினில் நின்ற இரண்டு பேரில் ஒருவனுக்கு ஆறு மாதம் தாங்கும், மற்றவனுக்கு அடுத்த வாரமே கையேந்தும் நிலை. இரண்டு பேருக்கும் ஒரே தைரியத்தைச் சொல்ல எனக்கு நா எழாது. இரண்டாமவனுக்கு முதல் வேலை "நல்ல வேலை" தேடுவது இல்லை. டெலிவரி, வேர்ஹவுஸ், மாமாவின் கடை, எதுவானாலும் அந்த வாரமே ஒரு வருமானம். அப்படிப் போனவனைப் பார்த்து "டிப்ளமோ படிச்சுட்டு இதுக்கா?" என்று கேட்கிற உறவினர்களுக்கு என் மாடியில் நாற்காலி கிடையாது.

"கண்டிப்பா கிடைக்கும் தம்பி" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கேட்பார்கள். சில அம்மாக்கள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். சொல்லிவிடலாம், காசா பணமா? ஆனால் அவன் மூன்று இன்டர்வியூவில் தோற்று வந்தால், என் சொல் பொய் என்பதோடு நிற்காது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று இந்த அக்கா சொன்னாளே, எனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று அவன் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வான்.

இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு வகை நம்பிக்கையும் தெரியும்: "கம்பெனி திரும்பத் திறக்கும்." ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, யாரோ வாங்கப்போகிறார்கள், மறுபடி கூப்பிடுவார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. அந்த இடத்தை சால்காம்ப் என்ற சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஐந்து வருடம் கழித்து! மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் அப்படித்தான். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022-இல் கடைசி வண்டி வெளியே வந்தது, 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக மறுபடி திறக்கும் எண்ணம் இருப்பதாக அறிவித்தார்கள். வாசல்கள் திறக்கத்தான் செய்கின்றன. ஆனால் அது ஊருக்கு வரும் நல்ல செய்தி. வாசலில் காத்திருந்தவனின் தவணைத் தேதிக்கு அது வந்து சேராது. ஆகவே திறக்குமா திறக்காதா என்று நான் வாதாடுவதில்லை. "திறந்தா போ. அதுவரைக்கும் என்ன?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன்.

மரியெந்தாலில் இன்னொன்றும் கவனித்தார்கள். வேலை இல்லாததால் நேரம் ஏராளம். நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணமும் இல்லை. இருந்தும் எடுத்துப் படித்த புத்தகங்கள் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயின. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததால் அவர்கள் நடை குறையவில்லை.

இதை இங்கே நான் கண்ணால் பார்க்கிறேன். ஷிஃப்ட் வேலை பார்த்த உடம்புக்கு சைரன், பஸ், டீ பிரேக் என்று நாள் முழுக்க அடுத்தவர் வகுத்த கட்டம். அது போனதும் நாள் கலைந்துபோகிறது. விடிகாலை மூன்று மணி வரை மொபைல், பதினொரு மணிக்கு எழுந்திருப்பது, "நாளைக்குப் பார்க்கலாம்." சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். பையனும் அப்படியே நம்பிவிடுவான். நான் நேற்றைய நாளை மணி மணியாகச் சொல்லச் சொல்வேன். மதியம் ரெண்டிலிருந்து ஆறு வரை என்ன செய்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை, எந்த இரண்டு மணி நேரத்தைப் பிடித்து நிறுத்தலாம் என்று பார்க்கத்தான். முழு நாளுக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தால் மூன்றாம் நாள் கிழிந்துவிடும். காலை ஏழரைக்குக் குளித்துச் சட்டை போட்டு வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும், பத்துவரை வேலை தேடும் வேலை. அதோடு சரி. பிறகு கிரிக்கெட் ஆடினாலும் எனக்கு வருத்தமில்லை.

வேலை தேடும் வேலை என்றால் என்ன? ஒவ்வொரு ஞாயிறும் நான் கொடுப்பது வியாழக்கிழமைக்குள் முடிகிற ஒரே ஒரு காரியம். பழைய சூப்பர்வைசர் இரண்டு பேருக்குப் போன். சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டு ஒரு மெயில், மெயில் போடத் தெரியாதென்றால் பதிவுத் தபால். வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டில் ஆள்தேவை போர்டு வைத்திருக்கும் கம்பெனிகளின் பெயரை எழுதி வருவது. "வேலை தேடு" என்று சொல்வதைவிட இது சின்ன விஷயம்தான். ஆனால் முடித்துவிட்டு வந்து சொல்லும்போது முகம் மாறியிருக்கும். நம்பிக்கை பற்றி ஆராய்ந்த சி.ஆர். ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கு, அதற்குப் போகப் பல வழிகள், அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற நினைப்பு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம்பிக்கை என்றார். என் அனுபவத்தில் மூன்றாவது முதலில் வருவதே இல்லை. வழி கண்ணில் பட்டு, ஓர் அடி வைத்த பிறகுதான் அது வருகிறது. தைரியம் வந்தபின் கிளம்பலாம் என்று காத்திருக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வழி என்பதில் "பல" முக்கியம். ஒரே வழி வைத்திருப்பவனுக்கு ஒரு மறுப்பு வந்தால் எல்லாம் முடிந்தது. மூன்று எழுதச் சொல்வேன். அதே வேலை, வேறு கம்பெனி. பக்கத்து வேலை. ஊர்ப் பக்கம் போனால் என்ன. இரண்டாவதில்தான் எல்லாரும் திணறுவார்கள்.

செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி. எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில், சர்க்யூட் போர்டு வைக்கும் வேலையில் பல வருடம் நின்றவள். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்றால், "ஒன்னும் தெரியாதுக்கா, போர்டு வைப்பேன்" என்றாள். அதற்குமேல் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. நானும் விடவில்லை. போர்டு வைக்கும் முன் கையில் என்ன மாட்டுவாய்? ஸ்ட்ராப். எதுக்கு? ஸ்டாட்டிக் ஏறினா போர்டு போயிடும்க்கா. தப்பான போர்டு வந்தா எப்படித் தெரியும்? சால்டர் பார்த்தாலே தெரியும், பந்து மாதிரி நின்னா தப்பு. தெரிஞ்சா என்ன பண்ணுவே? சிவப்பு டப்பால போட்டு ஷீட்ல எழுதுவேன், மணிக்கு மூணுக்கு மேல வந்தா லைன் லீடரைக் கூப்பிடுவேன். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது? நான்தான். ஒடிஷாக்காரப் பொண்ணுங்க வந்தா? இந்தி கத்துக்கிட்டேன்க்கா, அவங்ககிட்டயே.

எழுதிக்கொண்டே வந்தேன். தரப் பரிசோதனை, குறைகளைப் பதிவு செய்தல், புதியவர்களுக்குப் பயிற்சி, இந்தியில் பேசும் திறன். காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நானா?" என்று கேட்டாள். எந்தத் தைரியப் பேச்சும் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது, ஏனென்றால் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவளே சொன்னது. அவளுக்கு மறுபடி எலெக்ட்ரானிக்ஸ் வேலை கிடைக்கவில்லை. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். முன்பைவிடச் சம்பளம் குறைவு. ஹாஸ்டல் செலவு இல்லை, அம்மா வீட்டிலிருந்தே போகிறாள் என்று கணக்குப் பார்த்தால் கையில் நிற்பது கிட்டத்தட்ட அதே தொகை. அதையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் சேர்ந்தாள்.

ஆண் பிள்ளைகளிடம் இதே கேள்விகளை மெஷின் மொழியில் கேட்க வேண்டும். "ஆப்பரேட்டர்" என்று ரெஸ்யூமில் ஒரு சொல் போட்டிருப்பார்கள். எந்த மெஷின், எந்த கண்ட்ரோலர், என்ன பார்ட், டாலரன்ஸ் எவ்வளவு, செட்டிங் நீயே போடுவியா அல்லது செட்டர் வருவாரா, ரிஜெக்ஷன் எவ்வளவு இருந்தது, எவ்வளவுக்குக் குறைத்தீர்கள்? இந்த விவரங்களைப் பார்க்கும் ப்ரொடக்ஷன் மேனேஜர் அந்த ரெஸ்யூமைத் தனியாக எடுத்து வைப்பார். "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவன்" என்ற வரிகளை நான் பார்த்தவுடன் அடித்துவிடுவேன். என் மேசைக்கு வந்த எல்லா ரெஸ்யூமிலும் அது இருந்தது.

மூன்றாவது வழியாகப் பலர் எழுதுவது அரசுத் தேர்வு. அது வழியா, ஒளியும் இடமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவித்த இடங்கள் 7,301. பிறகு பத்தாயிரத்துச் சொச்சமாகக் கூட்டினார்கள். எழுதாதே என்று நான் சொல்ல மாட்டேன், எழுதிப் போனவர்களும் என் மாடியிலிருந்தே உண்டு. "எந்தத் தேதி வரைக்கும்?" என்று மட்டும் கேட்பேன். கொரோனாவில் தேர்வுகள் நின்றுபோனதால் 2021-இல் வயது வரம்பை இரண்டு வருடம் உயர்த்தினார்கள். நியாயமான சலுகைதான். அதே இரண்டு வருடம், வேறு எதையும் தேடாமல் இருக்கச் சிலருக்குச் சாக்காகவும் ஆனது. நூலகத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கும் பையனை யாரும் வேலையில்லாதவன் என்று சொல்வதில்லை, "படிக்கிறான்" என்பார்கள். அந்த மரியாதையின் இதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேதி வேண்டும். அந்தத் தேதியை வீட்டில் ஒருவருக்காவது சொல்லியிருக்க வேண்டும். பகுதிநேரமாகவாவது ஒரு சம்பாத்தியம் கூட ஓடினால், தேர்வில் தவறினாலும் ஆள் கீழே விழ மாட்டான்.

கஷ்ட காலத்தில் நம்பிக்கையை விற்கிறவர்களும் வந்துவிடுவார்கள். "கன்சல்டன்சி" என்று போர்டு மாட்டி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஐந்நூறு, யூனிஃபார்முக்கு இரண்டாயிரம், மெடிக்கலுக்கு மூவாயிரம். கேட்டில் நேராகப் போய் நின்றால் கிடைக்கிற வேலைக்கே காசு. இதைவிடப் பெரிய ஆபத்து வெளிநாடு. கம்போடியா, மியான்மர் பக்கம் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த கதைகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிட வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் உச்ச வரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் அதற்கு ரசீது வராது. இதையெல்லாம் பையனிடம் மட்டும் சொன்னால் போதாது. நகையை அடகு வைக்கப் போகிறவர் அம்மா. அவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் வழி கிடைத்துவிடுவதில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு, அவர் வாங்கிய சம்பளத்தில் பாதிக்கு ஆள் கிடைக்கும்போது, யார் கூப்பிடுவார்? சிலர் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகளில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனார்கள். ஒருவர் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். சிலர் மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வராதவருக்கு நானே போன் செய்வேன். "என்ன ஆச்சு வேலை?" என்று கேட்பதில்லை. "சாப்பிட்டீங்களா, பாப்பா என்ன படிக்குது" என்று பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டீ சாப்பிட வாங்க என்று வைத்துவிடுவேன்.

ஒரு சில பேச்சுகளைக் கேட்டால் வழிகாட்டலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது வீட்டுக்கு வரும்" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் சொன்னார். சிரிப்பை நம்பக் கூடாது. சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றைக்கு அவரைத் தனியாக அனுப்பவில்லை, தம்பியை வரவழைத்துச் சேர்த்து அனுப்பினேன். மாடியிலிருந்தே தமிழ்நாடு அரசின் 104 எண்ணுக்குப் பேச வைத்தேன். இப்போது டெலி-மானஸ் 14416 என்ற எண்ணும் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். ரெஸ்யூம் திருத்தத் தெரிந்தவளுக்கு மருத்துவம் பார்க்கத் தெரியாது. அந்த எல்லை தெரிந்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. அவர் பிறகு பல ஞாயிறுகள் வந்தார்.

வேலை கிடைத்துப் போகிறவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். நான் கேட்பது வேறு. சேர்ந்து மூன்று மாதம் ஆனபின் உங்கள் கேட்டில் ஆள்தேவை போர்டு வைத்தால் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எந்த மெஷின், எத்தனை பேர், காண்ட்ராக்டா கம்பெனி ரோலா, பஸ் எந்த ஊர் வரை வருகிறது என்பதையும் எழுதுங்கள். ஆரம்பத்தில் மாதம் ஒன்றிரண்டு வரும். இப்போது வாரத்துக்கே அதைவிடக் கூட வருகிறது. பஸ் விவரம் எழுதாமல் போடுகிறவர்களைத்தான் இன்னும் துரத்த வேண்டியிருக்கிறது. வந்தவாசிப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தைவிட அதுதான் முதல் கேள்வி.